வெயிலுக்கு சுவிட்ச் கிடையாது

மதுரையில், கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் குடியிருக்கிறேன். மாடி மாடியாக ஏறி சோலார் மாட்டுவது பிழைப்பு. ராஜாஜி ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். எங்கள் தொழிலுக்கு அது தோதான இடம்தான். 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்து, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் வேலை குவிந்தது. கரண்ட் பில் எவ்வளவு குறையும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஏறுகிறவனுக்குக் கயிறு உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளம், ஏறக்குறைய 28 கிலோ. பழைய வீடுகளில் படி குறுகல் என்பதால் வெளியே கயிறு கட்டி இழுப்போம். ஆடிக் காற்றில் அது பாய்மரம்; ஆளையும் சேர்த்து இழுக்கும். கைப்பிடிச் சுவரோ பல மாடிகளில் முழங்கால் உயரம்கூட இல்லை. தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் வேண்டும், அதன் கொக்கியை மாட்ட உறுதியான இடமும் வேண்டும். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் மாட்டினால், விழும்போது குழாயும் கூடவே வரும்.

வீட்டு வயரிங் என்றால் மெயினை இறக்கிவிட்டு வேலை பார்க்கலாம். பேனலில் வெயில் பட்டாலே மின்சாரம்தான். ஆறு பேனலை வரிசையாக இணைத்தால் 300 வோல்ட்டை ஒட்டி டி.சி. நிற்கும். ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டுப் போவதால் பொறி கிளம்பினாலும் அறுந்துவிடும், டி.சி.யில் அந்த இடைவெளி இல்லை, விடாமல் எரியும். முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, ஐசொலேட்டரை இறக்கி, அப்புறம்தான் கனெக்டரில் கை வைக்கணும். அப்போதும் பேனல் பக்கத்து வயரில் உயிர் இருக்கும்.

எனக்குப் பிடிக்காத வேலை, குடோன்களின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மிதித்தால் உடையும், துளைத்தால் தூசி. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நோய் தெரிய இருபது, முப்பது வருஷமாகும். பையன்களுக்குப் பயம் வராததில் ஆச்சரியமில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு துளைக்கிறார்கள். அந்த நாருக்குத் துண்டெல்லாம் தடையே இல்லை.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது; இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். இறக்காமலிருக்கும் வழியை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்: சித்திரையில் விடிந்ததும் ஏறி, பதினோரு மணிக்குள் இறங்கிவிடுவோம். கத்தாரில் கோடை முழுக்கக் காலை 10 முதல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்கு அரசே தடை போட்டிருக்கிறது.

இப்போது என் கொட்டேஷனில் பெல்ட், கயிறு, கொக்கி மாட்டும் போல்ட் என்று தனி வரி இருக்கிறது. “தம்பி, இதைக் குறைச்சுக்கலாமே?” என்பார்கள். குறைப்பதில்லை. அந்த போல்ட் மாடியிலேயே இருந்துவிடும். பின்னால் பேனல் கழுவ ஏறுகிறவரும் அதில்தான் கொக்கியை மாட்டணும்.