வைத்தியசாலை வாயிலுக்கு மீண்டும் வருவோர்

வைத்தியசாலையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவிற்கு வந்த நோயாளரைப் பரிசோதித்த வைத்தியர், "அஞ்சவேண்டியதில்லை, வீட்டிற்குச் செல்லலாம்" என்று கூறி அனுப்பிவிடுகின்றார். இரண்டு நாள் கழித்து அந்நோயாளர் முன்னிலும் தளர்ந்தவராய் அதே வாயிலில் வந்து நிற்கின்றார். காண்போர் யாது நினைப்பர்? முதன்முறை பார்த்தவர் சரியாகப் பார்த்திலர் என்றே நினைப்பர். வைத்தியசாலை நிருவாகிகளின் எண்ணமும் இதற்குப் பெரிதும் வேறானதன்று. 72 மணி நேரத்துள் மீண்டும் வருவோரை எண்ணி, அத்தொகையைக் கொண்டு ஒரு பிரிவின் தரத்தை மதிப்பிடும் வழக்கம் மேல்நாடுகளிற் பல்லாண்டுகளாக இருந்துவருகின்றது. தொகை குறைந்தால் நன்று, கூடினால் தீது என்பது அதன் உட்கிடை.

2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனா நோய் இந்தக் கணக்கைக் குழப்பிவிட்டது. அது எங்ஙனம் என்பதை, விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கும் அத்துறை சாராத பழைய மாணவர்க்கும் விளங்குமாறு ஈண்டு எழுதப் புகுகின்றோம். வைத்தியத்துறை புகுந்த எம் கல்லூரி அன்பர்கள், தாம் அறிந்ததையே கூறுகின்றோமெனினும் பொறுத்தருள்வாராக.

ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைத் தலைமையிடமாகக் கொண்டவை பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் வைத்தியசாலைகள். 2020 மார்ச் முதல் மே வரை, அவற்றைச் சார்ந்த ஐந்து அவசர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து கொரோனா நோயுடன் வீட்டிற்கு அனுப்பப்பட்ட 1,419 பேரின் பதிவுகளை அங்குள்ள வைத்தியர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 66 பேர் 72 மணி நேரத்துள் மீண்டும் வந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். மேலும் 56 பேர் அவ்வெல்லை கடந்து, ஆனால் ஒரு வாரத்திற்குள், அவ்வாறே அனுமதிக்கப்பட்டனர். இரண்டையுங் கூட்டின் 122 பேர். அஃதாவது நூற்றுக்கு 8.6 பேர்.

இவ்விரண்டாவது தொகையைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். மீண்டு வந்து கட்டிலிற் கிடந்தோருள் ஏறக்குறையச் சரிபாதியினர் 72 மணி நேரம் கழிந்த பின்னரே வந்தனர். பழைய அளவுகோலை மாத்திரம் கையிற் பிடித்திருந்தால் இவர்கள் எவரும் கண்ணிற் பட்டிரார். அறுபது வயதைக் கடந்தவர், முதன்முறை வந்தபோதே இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்திருந்தவர், காய்ச்சல் உடையவர், நெஞ்சின் எக்ஸ் கதிர்ப் படத்தில் மாறுபாடு காணப்பட்டவர் ஆகியோரே பெரும்பாலும் மீண்டு வந்தனர் என்பதும் அவ்வாராய்ச்சியிற் புலனாயிற்று.

வைத்தியர்கள் பிழை செய்தனரா? அங்ஙனங் கூறல் நேர்மையன்று என்பது எமது கருத்து. அனைவரையும் உள்ளே வைத்திருந்தால், மூச்சுக்குத் தவிப்போர்க்கு ஒரு கட்டிலேனும் மிஞ்சியிராது. அதனினும் முதன்மையான காரணம் நோயின் போக்கிலேயே உள்ளது. முதற் சில நாட்களில் வைரசு உடலிற் பெருகும்; காய்ச்சல், இருமல், உடல்நோவு இருக்கும்; பலர்க்கு அவ்வளவில் தணிந்துவிடும். வேறு சிலர்க்கோ, வைரசை எதிர்க்க எழுந்த உடலின் காப்புப்படையே எல்லை மீறிச் சுவாசப்பையின் நுண்ணறைகளை அழற்சியால் நிறைத்துவிடும். மூச்சுத்திணறல் பெரும்பாலும் நோய் தொடங்கி ஐந்து முதல் எட்டு நாட்களின் பின்னரே தோன்றியது. மூன்றாம் நாளில் வந்தவரை எத்துணைக் கூர்மையுடன் பரிசோதித்தாலும், எட்டாம் நாளில் வரவிருப்பது அன்று அவருடம்பில் இராது. இல்லாததை எவ்வாறு காண்பது?

இதனோடு மற்றொரு விந்தையும் சேர்ந்துகொண்டது. மூச்சு முட்டுகின்றது என்னும் உணர்வை எமக்குத் தருவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவு அன்று. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு மிகுதலே. நீருள் மூழ்கி மூச்சடக்குவோர் அறியுந் தவிப்பு இதனால் எழுவதாம். கொரோனா நோயாளர் சிலரின் சுவாசப்பை தொடக்கத்தில் நெகிழ்ச்சி குன்றாதிருந்தமையால் காபனீரொட்சைட்டு தடையின்றி வெளியேறியது. ஒட்சிசனோ உட்புகாது குறைந்துகொண்டே சென்றது. அவர்கள் கைத்தொலைபேசியில் உரையாடிக்கொண்டிருக்கையிலேயே ஒட்சிசன் அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கியிருந்ததைக் கண்டு வைத்தியர்கள் திகைத்தனர். "தாங்க முடியாவிடின் திரும்பி வாருங்கள்" என்னும் வழமையான அறிவுரை இத்தகையோர்க்கு எவ்வாறு பயன்படும்? தாங்க முடியாமை என்பதே அவர்க்குக் காலந்தாழ்ந்து அன்றோ தெரிகின்றது!

தெரிந்தவர்களும் வரத் தயங்கினர். 2020 மார்ச் 29 முதல் ஏப்ரில் 25 வரையான நான்கு வாரங்களில், ஐக்கிய அமெரிக்காவில் கண்காணிக்கப்பட்ட அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தோர் தொகை முன்னைய ஆண்டின் அதே காலத்தினும் 42 வீதம் குறைந்தது. வாரத்திற்கு 21 இலட்சமாயிருந்தது 12 இலட்சமாயிற்று. நோய்கள் திடீரெனக் குறைந்துவிட்டன என்று எவரும் கூறார். அச்சமே அதற்குப் பெருங்காரணம். ஆகவே, மீண்டு வருவோர் தொகை குறைந்திருத்தல் தானாகவே நற்செய்தியாகிவிடாது.

பிலடெல்பியாவினர் இதற்குச் செய்த உபாயம் மிக எளியது. 2020 மார்ச் மாதத்தில் 'கோவிட் வொச்' என்னும் திட்டமொன்றைத் தொடங்கினர். வீட்டிலிருக்கும் நோயாளர்க்கு நாளொன்றிற்கு இருமுறையாக இரண்டு வாரத்திற்குக் குறுஞ்செய்தி செல்லும். முன்னையினும் நலமா, மோசமா, அதே நிலையா என்று அது வினவும். மூச்செடுத்தல் கடினமாயுள்ளதா என்றும் வினவும். மோசமென்று விடை வந்தால் தாதி ஒருவர் தாமே தொலைபேசியில் அழைத்து விசாரிப்பார். வேண்டுமாயின் வைத்தியசாலைக்குச் செல்லும்படி பணிப்பார்.

இதன் பயன் 2022ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. திட்டத்திற் சேர்ந்த 3,488 பேருள் 30 நாட்களில் மாண்டோர் 3 பேர். சேராத 4,377 பேருள் 12 பேர். 60 நாட்களில் இவை முறையே 5, 16 ஆயின. திருவுளச்சீட்டு முறையில் இரு கூட்டமாகப் பிரித்துச் செய்த பரிசோதனை அன்று இது. ஆதலின் ஆராய்ந்தோர் வயது, பிற நோய்கள் முதலியவற்றின் வேற்றுமைகளைக் கணக்கிற் கொண்டே திருத்தினர். அதன் பின்னரும் வேற்றுமை நிலைத்தது.

யாம் வாசகர்க்குக் கூற விழைந்த செய்தி இனிமேல்தான் வருகின்றது. திட்டத்திற் சேர்ந்தோரே அவசர சிகிச்சைப் பிரிவிற்கு அதிகமாக வந்தனர். அவர்களே வைத்தியசாலையில் அதிகமாக அனுமதிக்கப்பட்டனர். சேராதோரினும் சராசரியாக ஏறத்தாழ இரண்டு நாள் முந்தி அவர்கள் வந்தனர். பழைய கணக்கின்படி பார்ப்பின், இது தரங்குறைந்த சேவை! இறப்புக் கணக்கோ நேர்மாறாகக் கூறுகின்றது. இந்நோயில் மீண்டு வருதல் சிகிச்சையின் தோல்வியன்று; சிகிச்சையின் ஒரு பகுதியே அது. வினவப்படவேண்டியது எத்தனை பேர் வந்தனர் என்பதன்று, உரிய நாளில் வந்தனரா என்பதே.

விரலிற் செருகி ஒட்சிசன் அளவறியும் ஒக்சிமீற்றரை அன்பர்கள் அந்நாட்களில் வீடுகளிலும் கண்டிருப்பர். அதன் அடிப்படையை 1970களிற் கண்டவர் யப்பானியரான தக்குவோ அவோயகி; தம் கருவி உலகெங்குந் தேடப்பட்ட 2020 ஏப்ரிலிலேயே அவர் காலமானார். இங்கிலாந்தில் இக்கருவியை நோயாளர்க்குக் கொடுத்தனுப்பி, 95 அல்லது அதற்கு மேலாயின் வீட்டிலிருக்கவும், 93, 94 ஆயின் வைத்திய ஆலோசனை பெறவும், 92 அல்லது அதற்குக் கீழாயின் உடனே வைத்தியசாலை செல்லவும் அறிவுறுத்தினர். நல்ல ஏற்பாடே. ஆயினும் பிலடெல்பியாவினர் குறுஞ்செய்தியோடு இக்கருவியையும் சேர்த்து 2,097 பேரிடம் முறைப்படி பரிசோதித்தபோது, கருவி பெற்றோர்க்கும் வெறும் வினாக்களை மாத்திரம் பெற்றோர்க்கும் இடையில் வேற்றுமை தோன்றவில்லை. 30 நாட்களுள் உயிரோடும் வைத்தியசாலைக்கு வெளியிலும் இருந்த நாட்கள் முன்னவர்க்குச் சராசரி 29.4, பின்னவர்க்கு 29.5.

கருவிக்கு மற்றொரு குறையும் உண்டு. எம்மனோர் இதனைச் சிறப்பாக அறிந்திருத்தல் நன்று. ஒளியைத் தோலினூடு செலுத்தி அளப்பதாகலின், கருந்தோலில் அது சிலவேளை உண்மையினும் உயர்ந்த எண்ணைக் காட்டும். 2020 டிசெம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டியவேளை நாடி இரத்தத்தில் உண்மை அளவு 88இற்குக் கீழிருந்தமை வெள்ளையரிடத்து நூற்றுக்கு 3.6 தடவையும் கறுப்பினத்தவரிடத்து 11.7 தடவையும் காணப்பட்டது. எனவே, எமது நிறத்தார் ஒருவரின் விரலில் 94 என்று கருவி காட்டுகையிலும், "நேற்றிலும் மூச்செடுக்கக் கடினமாயுள்ளது" என்று அவர் சொல்வாராயின், அவரை மீண்டும் அழைத்துவர வண்டி பிடிப்பதற்கு அச்சொல் போதும்.