அடிக்கோடிட்ட எல்லும் விழுப்புரத்து ழகரமும்

விழுப்புரம் சந்திப்பில் இறங்கும் அயலூரார் ஆங்கிலப் பலகையைப் படித்தால் 'வில்லுபுரம்' என்றே ஒலிப்பர். ஒற்றை 'எல்'லும் இரட்டைப் 'பி'யும் கொண்ட வேறோர் எழுத்துக்கூட்டலும் அரசு ஏடுகளில் வழங்குகிறது. எங்ஙனம் எழுதினும் ழகரம் அதில் அகப்படுவதில்லை. கோழிக்கோட்டார் போல 'இசட்', 'எச்' என்னும் இரண்டையும் சேர்த்து எழுதலாம். ஆயின் முன்பே அறிந்தவர்க்கே அது ழகரமாகத் தோன்றும். 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப மாற்றி 2020 ஜூனில் வெளியான அரசாணை, அம்மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அறிஞர்கள் இதற்கு முன்னரே வழி கண்டிருந்தனர். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்ஸிகனில், 'எல்' என்னும் இலத்தீன் எழுத்தின் கீழே சிறு கோடிட்டால் ழகரம், புள்ளியிட்டால் ளகரம். 2001-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 15919 என்னும் பன்னாட்டுத் தரமும் இதனையே ஏற்றது. திண்டிவனத்திற்கும் இம்முறை தேவை. அப்பெயரின் டண்ணகரமும் றன்னகரமும் ஆங்கிலத்தில் ஒரே 'என்' ஆகிவிடுகின்றன. புள்ளியும் கோடும் இட்டால்தான் அவை பிரியும்.

காகிதத்தில் கோடிடுவது எளிது. கணிப்பொறிக்கோ எழுத்து என்பதே எண்தான். பழைய ஆஸ்கி முறையில் 128 இடங்களே உண்டு. அதில் சிறிய 'எல்'லின் எண் 108. அடிக்கோட்டுக்கு அங்கே இடமில்லை. ஆகவே எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் 128-க்கு மேற்பட்ட இடங்களில் தத்தம் விருப்பப்படி அதனைக் குடியேற்றினர். ஓர் எழுத்துருவில் ழகரமாக இருந்தது மற்றொன்றில் வேறு குறியாயிற்று. விழுப்புரம் தனி மாவட்டமான அதே 1993-இல் வெளிவந்த யூனிகோடு 1.1 பதிப்பு, அடிக்கோடிட்ட சிறிய எல்லுக்கு 7739 என்னும் நிலையான எண்ணை அளித்தது. புள்ளியிட்டதற்கு 7735.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு பைட்டில் 255 வரையே அடங்கும், 7739 அடங்காது. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யு.டி.எஃப்-8 முறை அதனை மூன்றாகப் பிரிக்கிறது. 7739-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 120, மீதி 59. அந்த 120-ஐ மீண்டும் 64-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 56. முதலெண்ணுடன் 224-ஐக் கூட்டுக. மற்ற இரண்டுடனும் 128-ஐக் கூட்டுக. கிடைப்பவை 225, 184, 187. 'மூன்று பைட்டுகள் சேர்ந்து ஓர் எழுத்து' என அறிவிப்பதே 224-இன் வேலை. 'முன்னதன் தொடர்ச்சி' என்பது 128-இன் பொருள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய வகுத்தல்தான். இம்முறை அறியாத பழைய நிரல், ஓர் எழுத்துக்குப் பதிலாகத் தொடர்பற்ற மூன்று குறிகளைக் காட்டும்.

இவ்வளவில் முடிந்திருந்தால் நன்று. ஆனால் யூனிகோடில் அதே எழுத்தை வேறு வகையிலும் எழுதலாம்: வெறும் எல் 108, அதன்பின் கீழே ஒட்டிக்கொள்ளும் கோடு 817. நம் மெய்யும் உயிர்க்குறியும் போன்ற சேர்க்கை இது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு அவை வேறு வேறு எண்கள். இரண்டும் சமம் என்று யூனிகோடு விதி கூறுகிறது. எனினும் அவ்விதியை எல்லா நிரல்களும் மதிப்பதில்லை.

இதனை நான் பட்டு அறிந்தேன். ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஒன்றை லெக்ஸிகன் முறையில் தொகுத்தபோது, விழுப்புரம் வட்டத்தை ஒரு நண்பரும் திண்டிவனம் வட்டத்தை மற்றொரு நண்பரும் தட்டச்சு செய்து தந்தனர். ழகரம் உள்ள ஊர்களைத் தேடினேன். திண்டிவனத்துப் பகுதியில் ஓர் ஊர்கூட வரவில்லை! அவ்வட்டத்து ஊர்களைப் பற்றி ஒரு கொள்கையே வகுக்கத் தொடங்கிவிட்டேன். கட்டுரையும் பாதி எழுதியாயிற்று. பிறகு என் பழைய மாணவர் ஒருவர் எண்களைத் திறந்து காட்டினார். ஒருவர் 7739 இட்டிருந்தார். மற்றவர் 108-ஐயும் 817-ஐயும் இட்டிருந்தார். இருவகையையும் ஒரே வடிவமாக்கும் நிரலை அவர் இயக்கியதும் மறைந்திருந்த ஊர்கள் யாவும் வெளிவந்தன. என் கட்டுரை கிழிக்கப்பட்டது.

ஓர் ஊர் மட்டும் அப்பொழுதும் வரவில்லை. நண்பர் அதனை மாற்ற மறந்து தமிழிலேயே விட்டிருந்தார். தமிழ் ழகரத்தின் எண் 2996.