மனச்சோர்வும் ஒரு கடைசித் தேதியும்

உளப்பகுப்பாய்வு என்றாலே ஆண்டுக்கணக்கில் நீளும் பேச்சு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1910 ஆகஸ்ட்டில், மனைவி விலகிப்போகும் வேதனையில் வந்த இசைமேதை குஸ்தாவ் மாலரோடு லைடன் நகரத் தெருக்களில் நாலு மணி நேரம் நடந்தபடியே பேசி அனுப்பிவைத்தார் ஃபிராய்ட். குறுகிய காலத்திலும் ஆழத்தைத் தொட முடியுமா என்று 1950-களில் லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் உளப்பகுப்பாய்வாளர்கள் பாலிண்டும் மாலனும் முறையாக ஆராய்ந்தார்கள்.

பாஸ்டனில் உளமருத்துவர் ஜேம்ஸ் மான் 12 அமர்வுகள்தான் என்று வரையறுத்தார். கடைசி அமர்வின் தேதியை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவார். ஈரமில்லாத காரியமாகத் தோன்றலாம். எனக்கோ இந்தச் சிகிச்சையின் உயிரே அந்தத் தேதியில்தான் இருக்கிறது என்று படுகிறது. இழந்தவர்மேல் காட்ட முடியாத கோபம் தன்மேலேயே திரும்பி மனச்சோர்வாவதை ஃபிராய்ட் 1917-லேயே எழுதினார். சிகிச்சை முடியப்போவதும் ஓர் இழப்புதான். ஆனால் இந்த முறை அந்தக் கோபத்தையும் வருத்தத்தையும் எதிரில் இருப்பவரிடமே சொல்லலாம்.

இந்தக் குறுகிய காலச் சிகிச்சையில் இங்கிலாந்தில் இப்போது நடைமுறையில் உள்ள ஒரு வடிவம் 16 வாரங்கள் கொண்டது. முதல் நாலு வாரம், உறவுகளில் திரும்பத் திரும்ப நிகழும் ஒரே ஒரு பாங்கைத் தேடுவதில் போகும். 'நான் எல்லாருக்கும் பாரம்' என்று உள்ளூர நம்புகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிகிச்சையாளர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த வாரம் இவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து, "பஸ் கிடைக்கல" என்கிறார். சிகிச்சையாளர் விடுவதில்லை: "அன்னைக்கு நான் மணி பார்த்தப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு?" வீட்டிலும் வேலையிடத்திலும் அவரை ஒதுங்க வைத்த அதே பழக்கம் அந்த அறையிலேயே பிடிபடுகிறது. எத்தனை அறிவுரை சொன்னாலும் அசையாத 'நான்' இங்கேதான் கொஞ்சம் இளகுகிறது.

இறுதி வாரங்களில் சிகிச்சையாளர் ஒரு விடைபெறும் கடிதம் எழுதித் தருவார். அதன் வரைவை இருவரும் சேர்ந்து பேசித் திருத்துவார்கள்.

பலன் எப்படி? ஆம்ஸ்டர்டாமில் மனச்சோர்வுள்ள 341 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், உளப்பகுப்பாய்வு வழிக் குறுகிய காலச் சிகிச்சைக்கும் அறிதல்-நடத்தை சிகிச்சைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கடுமையான சோர்வுள்ளவர்களுக்கு மாத்திரையும் சேர்த்தே தரப்பட்டது. ஆனால் சிகிச்சை முடியும்போது முழுமையாகத் தேறியவர்கள் இரண்டு பிரிவிலும் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்களை 16-வது அமர்வோடு கைகழுவிவிடக் கூடாது. நீண்டகால சிகிச்சையோ மருந்தோ, அடுத்து என்ன என்பதை அந்தக் கடைசி அமர்வுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.