மொட்டைக் காசுக்கு ஒரு மார்க்

சில்லறைச் சரித்திரம் – 12

சென்ற வாரம் திப்புவின் யானைக் காசில் நிறுத்தியிருந்தோம். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு சேலம், கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அடுத்து வந்தது கம்பெனியின் சொந்தச் செம்பு.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை ஊன்றிய காலத்தில், சென்னை மாகாணத்துக்கென்று கம்பெனி அடித்திருந்த பெரிய செம்புக் காசு ‘இருபது காசு’. 1803, 1808 என்று ஆண்டு பொறித்தது. பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோஹோ பட்டறையில், நீராவி இயந்திரத்தில் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். ஒரு முகத்தில் சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம், மறு முகத்தில் பாரசீக எழுத்து.

1808-ஆம் ஆண்டுக் காசுகளில் ஒரு பெரிய பங்கு சென்னைக்கு வரவேயில்லை. அதை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். இன்று உலகச் சந்தையில் சிங்கத்தின் பிடரிமயிர்கூடத் தெரியும்படி ஒரு இருபது காசு கண்ணில் பட்டால், அது பெரும்பாலும் அந்தக் கப்பல் சரக்குதான். ஒரு கத்தரிக்காய்கூட வாங்காத காசு! வந்து சேர்ந்த காசுகளோ சந்தை, சாராயக் கடை, சுருக்குப்பை என்று சுற்றிச் சுற்றி மொட்டையாகிவிட்டன. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் மொட்டையைத்தான் எடுப்பேன்.

இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் 1949-இல் பழைய அமெரிக்கச் செம்புக் காசுகளுக்கு 1 முதல் 70 வரை ஒரு மதிப்பெண் அளவுகோல் வகுத்தார். 70 என்றால் அச்சிலிருந்து விழுந்த நிலை. 1 என்றால் எந்த வகைக் காசு, எந்த ஆண்டு என்று மட்டும் எப்படியோ கண்டுபிடிக்கலாம். 1980-களில் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. நிறுவனங்கள் இதே அளவுகோலில் காசுக்கு மார்க் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்து சீல் வைத்துத் தருகின்றன. ‘ஸ்லாப்’ என்பது அதுதான். எல்லோரும் 70-ஐத் துரத்த, இந்தக் கூட்டம் 1-ஐத் துரத்துகிறது. பி.சி.ஜி.எஸ். பட்டியலில் குறைந்த மார்க்குக்கே முதலிடம் தரும் தனிப் போட்டி உண்டு. சில வெள்ளி டாலர்களில் 1 வாங்கிய காசு, 4 வாங்கியதைவிட விலை அதிகம். காரணம் எளிது: அந்த டாலர்கள் மூட்டையில் தூங்கிய அளவுக்குக் கைமாறவில்லை, மொட்டையாகும்வரை உழைத்தவை கொஞ்சம்.

ஆனால் கெட்டுப்போன காசெல்லாம் 1 வாங்கிவிடாது. தேய்மானம் விரல்பட்டு, சீராக, இரண்டு முகத்திலும் வந்திருக்க வேண்டும். கீறல், அரம், துளை எது இருந்தாலும் எண் கிடையாது. ‘சேதம்’ என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். குழந்தையின் அரைஞாண் கயிற்றில் கோக்கத் துளையிட்ட காசு அப்போதே போட்டியை விட்டு வெளியே. ஏற்காட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று. காப்பித் தோட்டத்து மண்ணில் அகப்படும் செம்புக் காசு மொட்டையாகத் தெரியும், ஆனால் அது தேய்ந்ததில்லை. மழை கொட்டும், பாக்சைட் படிந்த அந்தப் புளிப்பு மண் அரித்துத் தின்றது. லென்ஸ் வைத்தால் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் தெரியும். கையில் தேய்ந்த காசோ வழவழவென்று இருக்கும். மண்ணில் புதையலாகவே கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வேறு இருக்கிறது: பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

தேய்ந்த காசை நிறுத்துக் குறை சொல்வது நமக்குப் புதிதில்லை. சங்கப் புலவர்களிலேயே ‘வண்ணக்கன்’ என்று பெயரோடு சேர்ந்தவர்கள் சிலர். காசின் தரம் பார்ப்பது அவர்கள் தொழில். பெரியபுராணத்தில் சம்பந்தர் கதை அதைவிட ருசி. திருவீழிமிழலையில் பஞ்சம். அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஆளுக்கொரு காசு தருகிறார். அப்பர் காசைக் கடைக்காரர் முழுசாக வாங்கிக்கொள்கிறார். சம்பந்தர் காசுக்கு வாசி கேட்கிறார், அதாவது குறைக்கு ஈடாகக் கழிவு. அதனால் சம்பந்தர் மடத்தில் சோறு தாமதம். கடவுளே கொடுத்தாலும் கடைக்காரர் உரசிப் பார்த்துத்தான் வாங்குவார்! வாசி இல்லாத காசு கேட்டு சம்பந்தர் ஒரு பதிகமே பாட வேண்டியிருந்தது.

ஆங்கிலேயர் அந்த வாசியைச் சட்டமாக்கினார்கள். வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். 1906 நாணயச் சட்டப்படி அதில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறைந்தால் ரூபாய் செல்லாது. கால் கிராம்கூட இல்லை அந்தக் கணக்கு. தேய்ந்தது அரசு அலுவலகம் வந்தால் வெட்டிப்போடவும் சட்டத்தில் இடம் இருந்தது. அதனால்தான் விக்டோரியா முகமே அழிந்த ரூபாயைப் பார்ப்பது அரிது. அந்த நிலைக்குப் போக விடவில்லை. தப்பியவற்றுக்கு மலையடிவாரத்திலேயே எமன் இருக்கிறான்: சேலத்துக் கொலுசுப் பட்டறை. நல்ல முகம் உள்ள ரூபாயைக் காசு வியாபாரி வாங்குவார். முகம் போனது, எடைக்கு வெள்ளியாகி உலைக்குப் போகும். செம்புக்கு இந்தப் பாடு இல்லை. காலணாவை யாரும் தராசில் வைக்கவில்லை. அது தேயத் தேயச் சுற்றியது. ஆகவே இந்தப் பக்கத்தில் மொட்டைக் காசு சேர்க்க நினைப்பவர் செம்பில் தொடங்கட்டும்; மொட்டை ரூபாய் ஒன்று சிக்கினால் கொலுசுக்காரருக்கு முன்னால் வாங்கிவிடட்டும்.

மார்க்? கொஞ்சம் பொறுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான காசு தொல்பொருள். உரிய அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு அனுப்பினால் குறைந்தது ஆறு மாதச் சிறை. இருபது காசு, விக்டோரியா காலணா எல்லாம் இதில் அடக்கம். ஐந்தாம் ஜார்ஜ் காசுகளிலும் ஆண்டுதோறும் ஒரு வருடம் கோட்டைத் தாண்டுகிறது. மார்க் வாங்க அமெரிக்காவுக்குத் தபாலில் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள சாதாரணக் காலணாவுக்கோ கட்டணமும் தபால் செலவும் காசின் விலையைப் பல மடங்கு விழுங்கும். ஸ்லாப் வேண்டாம் என்பதே என் கட்சி. அளவுகோலை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

பாதிக் கிராம் காட்டும் தராசு ஒன்று போதும். முகமே இல்லாத காலணாவை வைத்துப் பாருங்கள். 1835-இலிருந்து வந்த செம்புக் காலணா புதிதில் 6.47 கிராம், 1906-இல் வெண்கலத்துக்கு மாறியபோது 4.86 கிராமாக இளைத்தது. ஆறு கிராமுக்குப் பக்கத்தில் நின்றால் கம்பெனி, விக்டோரியா, அல்லது எட்வர்டின் முதல் சில ஆண்டுகள். நாலரையில் நின்றால் பெரும்பாலும் எட்வர்டோ ஜார்ஜோ. நிறமும் வெண்கலத்தைக் காட்டிக்கொடுக்கும். பிறகு காசைச் சாய்த்து, விளிம்போரம் பக்கவாட்டு வெளிச்சம் விடுங்கள். நடுவில் மேடாக இருக்கும் கன்னமும் கிரீடமும்தான் முதலில் போகும். விளிம்பை ஒட்டிய எழுத்து கொஞ்சம் பொறுத்துப் போகும். அந்தச் சாய்வில் ஆண்டின் இரண்டு இலக்கம் எழுந்து வந்தாலும் காசுக்கு 1 போடலாம். எதுவும் வராவிட்டால் அது வெறும் செம்பு வில்லை. பூஜ்யம் என்று ஒரு மார்க்கை ஷெல்டன் வைக்கவில்லை.

(அடுத்த வாரம்: ஓட்டைக் காலணா)