அழுத்தாதீங்க... அதுவே அறுக்கும்!

கிரிக்கெட் ஆடி கையை உடைச்சுக்கிட்ட அனுபவம் இருக்கா? மாவுக்கட்டைப் பிரிக்கிற அன்னிக்கு டாக்டர் 'கர்ர்ர்'னு ஒரு மெஷினைத் தூக்கிட்டு வருவார். 'போச்சுடா, கையும் சேர்ந்தே போகப் போகுது'னு நீங்க கண்ணை மூடிக்குவீங்க. ஆனா, கட்டு மட்டும் ரெண்டா பிளந்து விழும்!

ரகசியம் ரொம்ப சிம்பிள். அந்த பிளேடு சுத்தாது. இப்படியும் அப்படியும் துடிக்கும், அவ்வளவுதான். 1940-களில் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் உருவாக்கிய ஐடியா இது. பிறகு ஜெர்மனியின் 'ஃபைன்' நிறுவனம் இதே துடிப்பை மரப் பட்டறைக்கும் கொண்டு வந்தது. இன்னிக்கு கடையில் 'மல்டி கட்டர்', 'மல்டி டூல்' என்று கேட்டால் எடுத்துத் தருவாங்க. நிமிஷத்துக்குப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் தடவை ஆடும். ஆனா ஒவ்வொரு ஆட்டமும் மூணு, நாலு டிகிரிதான்!

இது எதுக்கு நமக்கு?

வீட்டுக்கு டைல்ஸ் போடறாங்க. தாத்தா காலத்துத் தேக்கு நிலைக்காலின் அடியில் ஒரு டைல் கனத்துக்கு மட்டும் வெட்டணும். கை ரம்பம் அங்கே நுழையாது. உடனே நம்ம ஆளுங்க என்ன செய்வாங்க? ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. தயவு செஞ்சு அந்த வேலை மட்டும் வேண்டாம்! அசுர வேகத்தில் சுத்தும் பிளேடு மரத்தில் சிக்கினால், மெஷின் துள்ளி உங்க மேலேயே பாயும். விரல் போனா திரும்பி வராது பாஸ்! அந்த மூலைக்கு மல்டி கட்டர்தான் சரியான ஆள்.

ஸோ, மெஷின் ரெடி. பிளேடு? இங்கேதான் பலரும் கோட்டை விடறாங்க.

எந்தப் பல் எந்த மரத்துக்கு?

ஹை கார்பன் ஸ்டீல்: விலை குறைவு. பிளைவுட், பிளாஸ்டிக், மெதுவான மரத்துக்கு ஓகே. தேக்கு, வேங்கை மாதிரி மரத்தில் சீக்கிரம் மழுங்கிடும். தேக்குக்குள் இயற்கையாகவே சிலிக்கா இருக்கு. மணலை அறுக்கிற மாதிரி அது பல்லைத் தின்னும். நடுவில் ஒரு ஆணி வந்தா கதை முடிஞ்சது.

பை மெட்டல்: வளையும் ஸ்டீல் உடம்பு, முனையில் கடினமான ஹை ஸ்பீட் ஸ்டீல் பல். பழைய கதவு, நிலைக்குள் எங்கே ஆணி ஒளிஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்? அங்கே முதல் சாய்ஸ் இதுதான்.

கார்பைடு: விலை ஜாஸ்தி. ஆனா கடினமான மரம், ஸ்க்ரூ எதற்கும் அசராது. ஒரே ஒரு வீக்னெஸ்... முறுக்கினால், கீழே போட்டால் பல் தெறிச்சிடும்.

'ஜப்பான் பல்' என்று நீளமான, கூரான பற்களோடும் ஒரு பிளேடு வரும். ஆணி இல்லாத மரத்தில் வேகமாகவும் சுத்தமாகவும் இறங்கும்.

அகலத்தையும் பாருங்க. மரத்துக்குள் நேராகக் குத்தி இறக்க ஒடுக்கமான பிளேடு. நீளமாக நேர்கோடு இழுக்க அரைவட்ட பிளேடு. வாங்கும் முன், பிளேடின் பிடிப்பு உங்க மெஷினுக்குப் பொருந்துமான்னு செக் பண்ணுங்க. 2016-ல் வந்த 'ஸ்டார்லாக்' பிடிப்பு எல்லா பழைய மெஷினிலும் உட்காராது.

வெட்டலாமா?

* நிலைக்கால் பக்கத்தில் ஒரு துண்டு டைலைத் தரையில் வைங்க. அதன் மேல் பிளேடைப் படுக்க வைச்சு வெட்டினால் உயரம் தானாகவே சரியா வரும்.

* மெஷினை ஆன் பண்ணி, வேகம் பிடிச்ச பிறகு மரத்தைத் தொடுங்க. முதலில் கோடு முழுக்க லேசாகப் பள்ளம் போடுங்க. அப்புறம்தான் ஆழம்.

* பலம் காட்டாதீங்க! அழுத்தினால் பிளேடின் ஆட்டம் குறையும், உரசல் கூடும். அறுக்க வேண்டியது தேய்க்க ஆரம்பிச்சிடும். இடமும் வலமும் மெல்ல அசைச்சு, அடிக்கடி வெளியே எடுத்தால் தூள் கொட்டிடும், பிளேடும் ஆறும்.

* கருகல் வாசனை, புகை வந்தா உடனே நிறுத்துங்க. பல் அடைச்சிருக்கலாம், மழுங்கியிருக்கலாம், இல்லே வேகம் அதிகமா இருக்கலாம். சூட்டில் நீலம் பாய்ஞ்ச பல், கூர்மையைச் சீக்கிரம் இழந்திடும்.

* கண்ணாடி, காதடைப்பான், மாஸ்க் மூணும் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் 1995-லேயே சேர்த்துட்டாங்க, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பினர்.

* பிளேடு மாத்தும்போது ப்ளக்கைப் பிடுங்குங்க. 'மாவுக்கட்டு மெஷின் மாதிரிதானே'ன்னு விரலை வைச்சுப் பார்க்காதீங்க. கட்டு வெட்டும் பிளேடு வேற, கூரான மர பிளேடு வேற. இது கிழிச்சிடும்!

முதல் வெட்டு நிலைக்காலில் வேண்டாம். ஆசாரி அண்ணன்கிட்டே ஒரு துண்டுத் தேக்கு கேளுங்க, சும்மாவே கொடுப்பார். அதில் பத்து வெட்டு போட்டுப் பாருங்க. பிளேடு போனா கடையில் வாங்கிக்கலாம். தாத்தா வைச்ச நிலையை எந்தக் கடையில் வாங்கறது?