கருவிழியின் தோலை உரிப்பது எப்படி?

கண்ணாடியிலிருந்து விடுதலை தரும் பிஆர்கே சிகிச்சையில் லேசர் வேலை செய்வது சில நொடிகள்தான். அதற்கு முன் கருவிழியின் மேல்தோலை நீக்கியாக வேண்டும். எபிதீலியம் எனப்படும் இந்தத் தோலின் கனம் சுமார் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. உரித்தாலும் சில நாளில் வளர்ந்துவிடும். அதனால்தான் பார்வைத் திருத்தத்தை இதில் செதுக்கிப் பயனில்லை. அடியிலுள்ள, அப்படி வளராத திசுவில் செதுக்கினால்தான் நிலைக்கும்.

பழைய வழி, கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, மொண்ணையான கருவியால் வழித்தெடுப்பது. சுழலும் தூரிகையும் உண்டு. அழுத்தினால் அடியில் கீறல் விழலாம். தயங்கித் தயங்கிச் செய்தால் திறந்த கருவிழி உலர்ந்து லேசரின் கணக்கு பிசகும்.

இன்னொரு வழி ஆல்கஹால். கருவிழிமேல் சிறு வளையத்தை வைத்து, 20 சதவீத எத்தனாலை 20 முதல் 30 நொடி வரை தேக்கிக் கழுவிவிடுவார்கள். அடித்தளத்தோடு இருந்த பிடி தளர்ந்து, தோல் முழுசாகக் கழன்று வரும். அதையே திரும்பப் போர்த்தினால் வலி குறையும் என்ற நம்பிக்கையில் பிறந்ததுதான் லாசெக். நம்பிய அளவுக்குப் பலன் இல்லை. பல மருத்துவர்கள் உரித்ததை எறிந்துவிடுகிறார்கள். எப்படி உரித்தாலும் முதல் சில நாள் வலிக்கத்தான் செய்யும். கருவிழியில் நரம்பு நுனிகள் அவ்வளவு அடர்த்தி. பாண்டேஜ் லென்ஸ் போட்டு அனுப்புவது அதற்காகத்தான்.

கருவியே படாமல் எக்ஸைமர் லேசராலும் தோலை நீக்கலாம். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், 1981இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மேல் இந்த 193 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சினார். சுற்றியுள்ள திசு கருகாமல் துல்லியமாக வெட்டுப்பட்டது. இன்று விளம்பரங்கள் ‘தொடாத சிகிச்சை’ என்று கூவுவது இந்த லேசரைத்தான். ஆனால் தோலின் கனம் எல்லோருக்கும் ஒன்றல்ல. இயந்திரத்தில் பதிந்திருப்பதோ சராசரிக் கணக்கு. எந்த முறை என்று கேட்பதற்கு முன், நம் தோலின் கனத்தை அளந்தார்களா என்று கேட்கலாம்.

கருவிழி கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸில் இது இன்னும் முக்கியம். கருவிழியை உறுதிப்படுத்தும் கிராஸ்லிங்கிங் சிகிச்சையில் ரைபோஃபிளேவின் மருந்து உள்ளே இறங்கத் தோல் தடை. வழக்கமான முறையில் அதை உரித்துவிட்டுத்தான் புற ஊதா ஒளி காட்டுவார்கள். உரித்த பிறகும் குறைந்தது 400 மைக்ரான் திசு மிஞ்ச வேண்டும் என்பது விதி. தோலோடு சேர்த்தே 430 மைக்ரான்தான் இருக்கிறதென்றால், கருவிழியைத் தற்காலிகமாக ஊத வைக்கும் நீர்த்த கரைசலைத்தான் மருத்துவர் தேடுவார்.