22 கிலோபைட்டுக்குள் 2,048 கிரகங்கள்… தெரியுமா?

நேற்று கைபேசியில் ஒரு படம் எடுத்தீர்களே, அது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது தெரியுமா? கிட்டத்தட்ட மூன்று மெகாபைட்! அதில் நூறில் ஒரு பங்குகூட வராத இடத்தில், சுமார் 22 கிலோபைட்டில், இரண்டு கல்லூரி மாணவர்கள் எட்டு கேலக்ஸிகளையும் 2,048 கிரகங்களையும் அடைத்து வைத்தார்கள். கிரகத்துக்குக் கிரகம் சரக்கு ஏற்றிப் போகும் வியாபாரிகள், வழிமறிக்கும் கொள்ளையர்கள், துரத்தும் போலீஸ், திடீரென்று முளைக்கும் வேற்றுக்கிரகப் பகைவர்கள் எல்லாரும் அதற்குள்தான்!

அந்த விளையாட்டின் பெயர் 'எலைட்'. 1984 செப்டம்பரில் பிபிசி மைக்ரோ என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்காக அக்கார்ன்சாஃப்ட் வெளியிட்டது. எழுதியவர்கள் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிரேபனும் இயன் பெல்லும். கம்ப்யூட்டரின் மொத்த நினைவகமே 32 கிலோபைட். திரைக்கும் இயந்திரத்தின் சொந்த வேலைக்கும் போக மிஞ்சியதில்தான் இத்தனையும்.

இந்த விளையாட்டை முதலில் பார்த்த ஒரு பெரிய நிறுவனம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது தெரியுமா? "மூன்று உயிர் எங்கே? புள்ளி எங்கே? பத்து நிமிடத்தில் முடிய வேண்டாமா?" என்பதுதான் அவர்கள் குறை. அந்தக் காலத்து விளையாட்டுகளின் இலக்கணம் முழுக்க காசு போட்டு ஆடும் இயந்திரங்களிலிருந்து வந்தது. ஒருவர் சீக்கிரம் தோற்றால்தானே அடுத்தவர் காசு போடுவார்? வீட்டில் உட்கார்ந்து ஆடுபவருக்கு அந்த அவசரம் எதற்கு என்று இந்த இரண்டு மாணவர்களும் கேட்டார்கள். எலைட்டில் உயிர்க் கணக்கும் இல்லை, புள்ளிக் கணக்கும் இல்லை, "முடிந்தது, நீ ஜெயித்துவிட்டாய்" என்று சொல்லும் கடைசிக் கட்டமும் இல்லை. விண்வெளி நிலையம் ஒன்றில் இறங்கியதும் ஆட்டத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு நாளைக்குத் தொடரலாம், அடுத்த மாதமும் தொடரலாம்.

சரி, 2,048 கிரகங்களை எங்கே வைத்தார்கள்? ஒரு கிரகத்துக்கு 20 எழுத்துக் குறிப்பு எழுதினால்கூட 40 கிலோபைட் வேண்டும். இயந்திரத்தில் அவ்வளவு இடமே கிடையாது! விடை என்ன தெரியுமா? எங்கேயும் வைக்கவில்லை!

கையிலிருந்தவை மூன்றே மூன்று எண்கள். மூன்றையும் கூட்டு, முதல் எண்ணை எறி, கூட்டுத்தொகையைக் கடைசியில் சேர். 1, 2, 3 என்று தொடங்கினால் 2, 3, 6 ஆகும். பிறகு 3, 6, 11. பிறகு 6, 11, 20. இதையே 65,535 வரை போகும் பெரிய எண்களில், வழிந்ததை விட்டுவிட்டுச் செய்துகொண்டே போனால், பார்ப்பவருக்குத் தலையும் வாலும் புரியாத எண்கள் கொட்டும். ஆனால் ஒரே இடத்திலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் அதே எண்கள், அதே வரிசை. அந்த எண்ணின் ஒரு துண்டு கிரகம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும். இன்னொரு துண்டு அங்கே என்ன ஆட்சி, விவசாயமா தொழிற்சாலையா, குடியிருப்பவர்கள் மனிதர்களா தவளைகளா பூனைகளா என்று சொல்லும். நீங்கள் எட்டிப் பார்க்கும் நொடியில் கிரகம் பிறக்கிறது, கண்ணை எடுத்ததும் மறைகிறது, மறுபடி பார்த்தால் அச்சு அசலாக அதே கிரகம் திரும்பி வருகிறது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய கணக்கு இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

பெயர்கள்கூட அந்தக் கணக்கிலிருந்துதான். ஈரெழுத்துத் துண்டுகளாக ஒரு சின்னப் பட்டியல். எண் காட்டும் துண்டுகளைக் கோத்தால் பெயர் தயார். 'லா'வும் 'வே'யும் சேர்ந்தால் லாவே, விளையாட்டு தொடங்கும் கிரகம். 'டி'யும் 'சோ'வும் சேர்ந்தால் டிசோ. யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர்கள் அல்ல. ஆனாலும் சொல்லிப் பார்த்தால் எங்கோ நிஜமாகவே இருக்கும் ஊர் மாதிரி ஒலிக்கின்றன.

இந்தப் பெயர் இயந்திரம் ஒருமுறை வம்பில் மாட்டியது தெரியுமா? உருவாக்கிப் பார்த்த கேலக்ஸி ஒன்றில், மனிதனின் பின்புறத்தைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சைச் சொல்லே ஒரு கிரகத்துக்குப் பெயராக வந்து நின்றது. ஒரு பெயரை மட்டும் திருத்தலாமே என்கிறீர்களா? முடியாது! எல்லாம் தொடக்கத்தில் கொடுக்கும் அந்த மூன்று எண்கள் என்ற ஒரே விதையிலிருந்து முளைப்பவை. ஒரு பெயர் பிடிக்காவிட்டால் விதையையே மாற்ற வேண்டும். 256 கிரகங்கள் கொண்ட மொத்தக் கேலக்ஸியும் குப்பைக்குப் போனது!

அந்த மூன்று எண்களில் ஆறு பைட், அதாவது 48 பிட். அதை வைத்துச் சுமார் 281 லட்சம் கோடி கேலக்ஸிகளை உருவாக்கலாம். மாணவர்களுக்கு அந்த ஆசையும் இருந்தது. வெளியிட்டவர்கள்தான் தடுத்தார்கள். அத்தனையைக் காட்டினால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்பது வெளிப்பட்டுவிடும், எட்டு போதும் என்றார்கள். சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். 281 லட்சம் கோடி என்பது வெறும் எண். எட்டு என்றால் மனதில் நிற்கும். அந்த எட்டும் எப்படி வருகிறது பாருங்கள்: ஒவ்வொரு பைட்டிலும் இருக்கும் எட்டு பிட்டுகளை ஓர் இடம் நகர்த்திச் சுழற்றினால் அடுத்த கேலக்ஸி. எட்டாவது முறை சுழற்றும்போது புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவீர்கள்!

இனி கதைக்கு வருவோம். இந்த விளையாட்டில் கதை என்று எதுவும் சொல்லப்படுவதில்லை. லாவேயின் நிலையத்தில் கண் விழிக்கிறீர்கள். கையில் 100 கிரெடிட் பணம், கோப்ரா மார்க் 3 என்ற விண்கலம், 20 டன் சரக்கு ஏற்ற இடம், ஏழு ஒளியாண்டு தூரத்துக்கு எரிபொருள். அவ்வளவுதான். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விவசாயக் கிரகத்தில் மலிவாகக் கிடைக்கும் உணவை வாங்கித் தொழிற்சாலைக் கிரகத்தில் விற்கலாம். திரும்பும்போது கம்ப்யூட்டர்களை ஏற்றி வரலாம். மொத்தம் 17 சரக்குகள். அவற்றில் போதைப்பொருளும் உண்டு, துப்பாக்கியும் உண்டு, அடிமைகளும் உண்டு! தடை எதுவும் கிடையாது. ஆனால் அவற்றை ஏற்றிக்கொண்டு நிலையத்தை விட்டுக் கிளம்பினால் உங்கள் பெயர் சட்டத்தின் கண்ணில் கறைபடும், போலீஸ் கலங்கள் பின்னால் வரும். நல்லவராக இருங்கள் என்று ஒரு வரிகூட எழுதாமல், நல்லவராக இருப்பதா வேண்டாமா என்ற கேள்வியை உங்கள் மடியில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இதற்கு முன் வீட்டுக் கம்ப்யூட்டரில் எத்தனை விளையாட்டு இதைச் செய்தது?

எளிது, நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலும் இதில் இல்லை தெரியுமா? அந்த வேலையை அரசியல் செய்கிறது! எட்டு வகை ஆட்சிகள். பெருநிறுவனங்கள் ஆளும் கிரகத்துக்குப் போனால் வழி ஓரளவு நிம்மதி. சர்வாதிகாரம், நிலப்பிரபுத்துவம் என்று இறங்க இறங்கக் கொள்ளையர் கூட்டம் கூடும். அராஜகக் கிரகத்துக்குப் போவதென்றால் நல்ல லேசரும் நல்ல துணிவும் வேண்டும். எவ்வளவு ஆபத்து வேண்டும் என்று நீங்களே வரைபடத்தில் விரல் வைத்துச் சொல்லிவிடுகிறீர்கள். அது விளையாட்டின் அமைப்பு என்றே தோன்றாது, அந்த உலகத்தின் இயல்பு என்றே தோன்றும். நாற்பது ஆண்டுகளாக வந்த விண்வெளி வியாபார விளையாட்டுகளில் இதைவிட அழகான யோசனையை நான் பார்த்ததில்லை.

பட்டங்கள்? ஒன்பது படி. 'ஆபத்தில்லாதவர்' என்று தொடங்கி 'எலைட்' வரை. உச்சிக்கு ஏற 6,400 கலங்களை வீழ்த்த வேண்டும்! முதல் படிகளைச் சில நாட்களில் தாண்டலாம். கடைசிக்கு முந்தைய படி 2,560-ல் கிடைத்துவிடும். அங்கிருந்து உச்சிக்கு ஏற இன்னும் 3,840. பள்ளிப் பருவத்தின் எத்தனை மாலைகளை அந்தக் கடைசிப் படி விழுங்கியிருக்கும்!

ஆனால் புதிதாக வந்தவர்களைக் கொன்று குவித்தது கொள்ளையர்கள் அல்ல. நிலையத்தின் வாசல்! விண்வெளி நிலையம் பம்பரம் போல மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் ஒரு முகத்தில் தபால்பெட்டியின் வாய் மாதிரி ஒரு நீள்சதுரப் பிளவு. அந்த முகம் எப்போதும் கிரகத்தைப் பார்த்தபடிதான் இருக்கும். நீங்கள் கிரகத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே போய், திரும்பி, பிளவை நேராகப் பார்க்க வேண்டும். பிறகு உங்கள் கலத்தையும் நிலையத்தின் வேகத்திலேயே உருட்ட வேண்டும். பிளவு கிடைமட்டமாக நின்றால் உள்ளே போகலாம். கொஞ்சம் சாய்ந்தாலும் சுவரில் மோதி, உழைத்துச் சேர்த்த சரக்கோடு பொடிப்பொடி! 1,500 கிரெடிட் சேர்த்தால் தானாகவே உள்ளே செலுத்தும் கருவி வாங்கலாம். கமடோர் 64 பதிப்பில் அந்தக் கருவி இயங்கும்போது என்ன இசை வரும் தெரியுமா? 'நீல டான்யூப்' வால்ட்ஸ்! 1968-ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் விண்கலம் சுழலும் நிலையத்தை நெருங்கும்போது ஒலிக்குமே, அதே இசை. அத்தனை முறை மோதிச் செத்த பிறகு, கையைக் கட்டிக்கொண்டு அந்த இசையோடு உள்ளே மிதந்து போகும் சுகம் இருக்கிறதே!

திரையிலும் ஒரு ஜாலம் உண்டு. மேல்பகுதி கறுப்பு வெள்ளை, கோடுகள் கூர்மை. கீழ்ப்பகுதியில் வண்ணக் கருவிப்பலகை. பிபிசி மைக்ரோவால் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் காட்ட முடியும். ஆகவே திரை மேலிருந்து கீழே வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, பாதியில், நொடிக்கு 50 முறை, காட்சி முறையை மாற்றினார்கள்! அந்தக் கருவிப்பலகையின் நடுவே படுக்கை வாட்டில் ஒரு நீள்வட்ட ரேடார். எதிரி ஒவ்வொருவருக்கும் ஒரு குச்சி. குச்சி மேலே நீண்டால் அவன் உங்களுக்கு மேலே, கீழே நீண்டால் கீழே. முப்பரிமாண வெளியைத் தட்டையான திரையில் ஒரு குச்சியால் விளக்கிவிட்டார்கள். 2014-ல் வந்த 'எலைட் டேஞ்சரஸ்' வரை அதே வட்டம், அதே குச்சி!

விண்வெளியில் காற்றில்லை, ஒலி பரவாது, எஞ்சினை நிறுத்தினாலும் கலம் போய்க்கொண்டே இருக்கும். ஆனாலும் விண்வெளி விளையாட்டுகளில் கலங்கள் ஏன் போர் விமானம் மாதிரி வளைந்து திரும்புகின்றன தெரியுமா? 'ஸ்டார் வார்ஸ்' படக்குழு இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டைக் காட்சிகளை முன்னால் வைத்துக்கொண்டுதான் தன் சண்டைகளை அமைத்தது. அந்தப் பழக்கம் விளையாட்டுகளுக்கும் ஒட்டிக்கொண்டது. 1993-ல் வந்த 'ஃப்ரண்டியர்: எலைட் 2' நியூட்டன் விதிகளை அப்படியே கொண்டுவந்தது. நட்சத்திர மண்டலங்களுக்கு அது அற்புதம். சண்டைக்குத்தான் சரிப்படவில்லை: இருவரும் பயங்கர வேகத்தில் ஒருவரை ஒருவர் கடந்து, வெகுதூரம் போய், திரும்பி வந்து, மறுபடி கடந்து… அதன் பிறகு வந்த பல விளையாட்டுகள் வேகத்துக்கு வரம்பு வைத்தன.

எலைட்டுக்குப் பின் இதே வகையில் வந்த விளையாட்டுகளிலும் வேடிக்கைகள் உண்டு. 1996-ல் மேக் கம்ப்யூட்டருக்கு வந்த 'எஸ்கேப் வெலாசிட்டி'யில் கேப்டன் ஹெக்டர் என்று ஒரு பாத்திரம். விளையாட்டை அன்று 30 நாள் இலவசமாக ஆட முடிந்தது. அதன் பிறகும் பணம் கட்டாவிட்டால் ஹெக்டர் தன் கலத்தோடு வந்து உங்களைச் சுடுவார்! அந்தப் பெயர் யாருடையது தெரியுமா? விளையாட்டை வெளியிட்ட ஆம்ப்ரோசியா நிறுவனத்தாரின் கிளியினுடையது!

ஆயிரக்கணக்கானோர் ஒரே வெளியில் சேர்ந்து ஆடும் 'ஈவ் ஆன்லைன்' ஐஸ்லாந்தில் 2003-ல் பிறந்தது. 2014 ஜனவரி 27 அன்று அதில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் ஒரு போர் மூண்டது. காரணம்? அந்த இடத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணம் கட்டப்படாமல் போனது! ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறங்கினார்கள். சர்வர் தாங்க வேண்டுமே என்று அந்த உலகத்தின் காலமே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு மெதுவாக்கப்பட்டது. 21 மணி நேரம்! டைட்டன் என்ற ராட்சதக் கப்பல்கள் 75 அழிந்தன. எந்தக் கதாசிரியரும் எழுதாத போர் அது. அந்தச் சிதைவுகளை அங்கேயே நினைவுச் சின்னமாக நிறுத்திவிட்டார்கள்.

'எலைட் டேஞ்சரஸ்' நம் பால்வெளியையே 40,000 கோடி நட்சத்திரங்களோடு கணக்கிட்டு உருவாக்கியது. 2017 பிப்ரவரியில் டிராப்பிஸ்ட்-1 என்ற குளிர்ந்த குட்டி நட்சத்திரத்தை ஏழு பாறைக் கோள்கள் சுற்றுகின்றன என்று நாசா அறிவித்தது. தூரம் சுமார் 40 ஒளியாண்டு. விளையாட்டில் போய்ப் பார்த்தால், கிட்டத்தட்ட அதே இடத்தில் ஒரு பழுப்புக் குள்ள நட்சத்திரமும் ஏழு பாறைக் கோள்களும் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தன!

எனக்கு மிகப் பிடித்ததைக் கடைசியில் சொல்கிறேன். 1984-ல் எலைட் வாங்கியவர்களுக்குப் பெட்டிக்குள் ஒரு குறுநாவலும் கிடைத்தது. ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் எழுதிய 'தி டார்க் வீல்'. ரக்ஸ்லா என்ற மர்ம உலகத்தைப் பற்றி அதில் போகிற போக்கில் ஒரு குறிப்பு வரும். கூடவே இருந்த கையேட்டில் தலைமுறைக் கப்பல்கள் என்று ஒரு பேச்சு: வேகமான பயணம் கண்டுபிடிக்கப்படும் முன்பே கிளம்பி, தாத்தா பாட்டி ஏறிப் பேரப்பிள்ளைகள் இறங்கும்படி, இன்னும் எங்கோ ஊர்ந்துகொண்டிருக்கும் கப்பல்கள். விளையாட்டில் அவை கிடையவே கிடையாது. 22 கிலோபைட்டில் இடம் ஏது? ஆனால் விளையாடியவர்கள் தேடினார்கள். கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு!

முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 'எலைட் டேஞ்சரஸ்' ஆடியவர்கள் வழக்கமான வழியை விட்டு விலகிப் பறந்தபோது, இருளில் மிகப் பெரிய ஒரு பழைய கப்பல் மிதந்துகொண்டிருந்தது. ஸ்கேன் செய்தார்கள். உள்ளே உயிர் எதுவும் இல்லை. குரல் பதிவுகள் மட்டும் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்கின.